வீடு தேடிப் போன மாத்திரை

ஷா ஆலம் நகரின் செத்தியா ஆலம் பகுதியில், யூ13 பிரிவில், சுகாதார அமைச்சின் தேசிய சுகாதாரக் கழகங்கள் ஒரே வளாகத்தில் கூடியிருக்கின்றன. நாட்டில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேருக்குப் பிரஷர், எத்தனை பேருக்குக் கொழுப்பு என்ற கணக்கெல்லாம் இங்கேதான் போடப்படுகிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. தலைக்கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 64 இலட்சம் பேர். 2023 ஆய்வில் அந்த விகிதம் 29.2. நான்கு ஆண்டுகளில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

இந்த 30 என்ற எண்ணைவிட அதன் உள்கணக்குதான் கவலை தருவது. 2019 ஆய்வில் அந்த 30 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்குப் பிரஷர் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மருந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களிலும் பாதிக்குக் குறைவானவர்களுக்குத்தான் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. மொத்தமாகக் கூட்டிக் கழித்தால், பிரஷர் உள்ள 30 பேரில் ஆறேழு பேர்தான் கரை சேர்கிறார்கள்.

மருந்து இல்லாத ஊராக இருந்தால் இதைப் புரிந்துகொள்ளலாம். இங்கே அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. டாக்டர் பார்ப்பதும் மாத்திரையும் அதற்குள் அடக்கம். அம்லோடிபின், பெரிண்டோபிரில் எல்லாம் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்துகள். வேலை செய்கிற மாத்திரை இருக்கிறது, அதுவும் ஏறக்குறைய இனாமாக. அப்புறம் எங்கே இடிக்கிறது?

கிள்ளானிலோ ஸ்ரீ மூடாவிலோ நாலு வீட்டில் பேச்சுக் கொடுத்தால் பதில் கிடைத்துவிடும். "தலை சுத்தல, மயக்கம் இல்ல, எதுக்கு மாத்திரை?" என்பார் ஒருவர். ஷிஃப்ட் வேலைக்காரருக்கு கிளினிக்கில் அரை நாள் உட்கார்ந்தால் அன்றைய சம்பளம் போச்சு. மாத்திரை சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உண்மையில் கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம்தான், மாத்திரை அந்தச் சேதத்தைத் தள்ளிப்போடத்தான் தரப்படுகிறது. ஆனால் கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கிற சில நிமிடங்களில் இதையெல்லாம் உட்கார்ந்து பேச யாருக்கு நேரம்?

மருத்துவ ஆய்வு என்றதும் நாம் நினைப்பது புதிய மருந்தை. வெள்ளை அங்கி, ஆய்வுக்கூடம், இன்னும் பெயர் வைக்காத ஒரு மூலக்கூறு. பிரஷர் விஷயத்தில் கடந்த பத்தாண்டுகளின் மிகப் பயனுள்ள ஆய்வுகள் பலவும் வேறு தினுசானவை. மருந்து பழசுதான். அது நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும் வழியைத்தான் அவை சோதித்தன. அவற்றுள் முக்கியமான ஒன்று மலேசியாவில் நடந்தது. அதன் இங்குள்ள கூட்டாளி, ஷா ஆலமைத் தலைமையிடமாகக் கொண்ட மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், எல்லாருக்கும் தெரிந்த யூஐடிஎம்.

ஆய்வின் பெயர் ஹோப் 4. கனடாவின் ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேவிட் ஷ்வாம், சலீம் யூசுஃப் ஆகியோர் முன்னின்று நடத்தியது. சலீம் யூசுஃப் கேரளத்தில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்று உலகில் இதயநோய் ஆய்வு என்றால் அவர் பெயர் இல்லாமல் முடியாது. மலேசியப் பகுதியைக் கவனித்தவர் யூஐடிஎம் மருத்துவப் புலத்தில் நெடுங்காலம் இருந்து பிறகு யூசிஎஸ்ஐ பல்கலைக்கழகத்துக்குச் சென்ற இதயநோய் நிபுணர் காலிட் யூசோஃப். மலேசியாவோடு சேர்த்து எடுக்கப்பட்ட இன்னொரு நாடு கொலம்பியா. இரண்டு நாடுகளிலுமாக 30 குடியிருப்புப் பகுதிகள், 1,371 பேர். எல்லாரும் 50 வயதைத் தொட்டவர்கள். பிரஷர் புதிதாகத் தெரிய வந்தவர்கள், அல்லது தெரிந்தும் கட்டுக்குள் வராதவர்கள்.

ஆளாளுக்குச் சீட்டுக் குலுக்காமல் பகுதி பகுதியாகக் குலுக்கினார்கள். அதற்குக் காரணம் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கவனிப்பு, இவருக்கு ஒரு கவனிப்பு என்றால் வேலிக்கு மேலே பேசும் பேச்சிலேயே ஆய்வு கலந்துவிடும். அதனால் 16 பகுதிகளுக்கு வழக்கமான சிகிச்சை, 14 பகுதிகளுக்குப் புதிய ஏற்பாடு.

அந்த 14 பகுதிகளில் முதலில் வந்து நின்றவர் டாக்டர் அல்லர். பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர். கையில் ஒரு டேப்லெட் கணினி. அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை உண்டா, புகைப் பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பதிந்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அது படிப்படியாகக் காட்டும். எந்த மருந்தில் தொடங்கலாம், சாப்பாட்டைப் பற்றி என்ன பேச வேண்டும், யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. பணியாளர் பரிந்துரைப்பார், டாக்டர் மேற்பார்வையிடுவார். அழுத்தத்துக்கான மருந்தும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் இலவசம்.

மூன்றாவதாக ஒரு சங்கதி இருந்தது. நோயாளி ஒவ்வொருவரும் தம் வீட்டாரிலோ நண்பர்களிலோ ஒருவரைத் துணையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரை போட்டாச்சா என்று கேட்கவும், கிளினிக்குக்குக் கூட்டிப் போகவும், குழம்பில் உப்பு ஏறினால் முகம் சுளிக்கவும் ஓர் ஆள். நம் வீடுகளில் மருமகளோ மகனோ சம்பளமில்லாமல் பார்த்து வந்த வேலைக்கு ஆய்வேட்டில் அதிகாரபூர்வமாக ஓர் இடம் கிடைத்தது.

முடிவுகள் 2019 செப்டம்பரில் லான்செட் இதழில் வந்தன. ஓர் ஆண்டு முடிவில், புதிய ஏற்பாட்டில் இருந்தவர்களில் 69 விழுக்காட்டினருக்கு மேல்எண் அழுத்தம் 140க்குக் கீழே வந்திருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 30 விழுக்காட்டினருக்குத்தான். சராசரி அழுத்தம் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிடப் புதிய ஏற்பாட்டில் இருந்தவர்களுக்கு 11.45 புள்ளி கூடுதலாக இறங்கியது. கெட்ட கொழுப்பும் குறைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைக் கணிக்கும் ஃபிராமிங்ஹாம் மதிப்பீடு வழக்கமான பகுதிகளில் 6.4 புள்ளி குறைந்தபோது, புதிய ஏற்பாட்டில் 11.17 புள்ளி குறைந்தது.

புது மருந்து ஒன்றுகூட இல்லாமல் வந்த பலன் இது.

அதற்காக ஹோப் 4ஐத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. அதில் சோதிக்கப்பட்டது ஒரு பொட்டலம். வீட்டுக்கு வந்த பணியாளரால் பலன் வந்ததா, இலவச மருந்தாலா, வீட்டிலிருந்த துணையாலா என்று தனித்தனியே பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிய ஆய்வும் இல்லை. வீட்டுக்கு ஆள் வருவதை யாரிடமிருந்து மறைப்பது? மேலும் அது கணித்தது எதிர்கால ஆபத்தை. மாரடைப்புகளை எண்ண ஓராண்டும் 1,371 பேரும் போதாது.

அந்தக் குறையைச் சீனாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு நிரப்பியது. 326 கிராமங்கள், ஏறக்குறைய 34,000 பேர். முழு மருத்துவப் படிப்பு இல்லாத கிராம வைத்தியர்களே, டாக்டர்களின் மேற்பார்வையில், மருந்தைத் தொடங்கி அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். 18 மாதங்களில் அவர்கள் பகுதியில் 57 விழுக்காட்டினர் 130க்கு 80 என்ற கடுமையான இலக்கைத் தொட்டார்கள். மற்றப் பகுதியில் 20 விழுக்காட்டினர். மூன்றாண்டு முடிவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய, இரத்தக்குழாய் நோய்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

லாஸ் ஏஞ்சலிஸில் இன்னும் வேடிக்கை. ரொனால்டு விக்டர் என்ற இதயநோய் மருத்துவர், டாக்டரிடம் போகத் தயங்கும் கறுப்பின ஆண்களை 52 முடிதிருத்தும் கடைகளில் பிடித்தார். 319 வாடிக்கையாளர்கள். முடிதிருத்துபவர் பேச்சை எடுப்பார், மருந்தாளர் கடைக்கே வந்து அழுத்தம் பார்த்து மருந்து எழுதுவார். மருந்தாளர் வந்த கடைகளில் ஆறு மாதத்தில் 27 புள்ளி இறங்கியது, வெறும் அறிவுரை மட்டும் கிடைத்த கடைகளில் 9.3. 2018இல் வெளியான ஆய்வு இது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் முடிதிருத்தும் கடைகளில் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும் ஆண்களைப் பார்க்கும்போது, இதை இங்கே யாராவது செய்துபார்க்கக் கூடாதா என்று தோன்றத்தான் செய்கிறது.

ஆய்வுகளில் அழுத்தம் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், கிளினிக்கில் நமக்கு நடப்பதோடு ஒப்பிட்டுச் சிரிப்பு வரும். ஆய்வில் வருபவர் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முந்தைய அரை மணி நேரத்தில் காப்பியோ சிகரெட்டோ கூடாது. சாய்மானம் உள்ள நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது, பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும். கையை மேசைமேல் நீட்டி, கட்டும் பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். பேச்சு கூடாது. ஒரு தடவை பார்த்துவிட்டு ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்ப்பார்கள், சராசரியை எடுப்பார்கள்.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயமா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதையே ஆய்வுகளாகச் செய்தார்கள். கையை மடியில் வைத்துப் பார்த்தால் மேல்எண் ஏறக்குறைய 4 புள்ளி கூடுதலாகக் காட்டியது. தொங்கவிட்டால் 6.5 புள்ளி. மிகப் பருத்த கை உள்ளவருக்குச் சாதாரண அளவுப் பட்டையைக் கட்டினால் ஏறக்குறைய 20 புள்ளி வரை தப்பாகப் போனது. மாத்திரை ஒன்று செய்கிற வேலையை விடப் பட்டை செய்கிற குளறுபடி பெரிசு. நான்கு மாடி ஏறி வந்த மூச்சோடு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "சாப்பிட்டாச்சா ஆன்ட்டி?" என்று கேட்டுக்கொண்டே எடுக்கும் அளவை வைத்து ஒருவருக்கு ஆயுள் முழுக்க மருந்து எழுதுவது நியாயமா என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்.

உயர் அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தால் உயிர் பிழைக்குமா என்பதே ஒரு காலத்தில் சந்தேகமாக இருந்தது. வயதானால் அழுத்தம் ஏறுவது இயற்கை, குறைத்தால் மூளைக்கு இரத்தம் போகாது என்று நம்பிய பெரிய டாக்டர்கள் உண்டு. அந்த நம்பிக்கை உடைந்ததில் நம் பக்கத்து மூலிகை ஒன்றுக்குப் பங்கு இருக்கிறது. சர்ப்பகந்தா வேரைப் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். மேலைநாடு திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது.

பிறகு அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரைஸ், போர்வீரர் மருத்துவமனைகளில் 143 ஆண்களை வைத்து ஆய்வு நடத்தினார். கீழ்எண் 115 முதல் 129 வரை இருந்தவர்கள். 73 பேருக்கு ரெசர்பைன் உட்பட மூன்று மருந்து, 70 பேருக்கு மருந்தே இல்லாத சக்கை மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. 1967இல் வெளியான கணக்கில், சக்கை மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்கு மரணம், பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் நேர்ந்திருந்தன. மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டே பேர். ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு இவ்வளவு உயர்ந்த அழுத்தம் உள்ளவருக்கு மருந்தே கொடுக்காமல் விட்டுப் பார்க்க எந்த அறநெறிக் குழுவும் சம்மதிக்க முடியாது.

பல மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் அந்தப் பழைய யோசனை ஐம்பது வருடம் கழித்து இலங்கையில் புது வடிவம் எடுத்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித டி சில்வா முதலியோர், சிட்னியின் ஜார்ஜ் நிறுவனத்தோடு சேர்ந்து, 11 மருத்துவமனை கிளினிக்குகளில் 700 பேரைச் சேர்த்தார்கள். மூன்று அழுத்த மருந்துகள், வழக்கமான அளவில் பாதி, ஒரே மாத்திரையில். வழக்கமான முறை என்ன? ஒரு மருந்தில் தொடங்கி, அளவைக் கூட்டி, போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்ப்பது. அதற்குள் நோயாளிக்குச் சலித்துவிடும், பல சமயம் டாக்டருக்கும். ஆறு மாதத்தில் மூன்றும் கலந்த மாத்திரையில் இலக்கைத் தொட்டவர்கள் 70 விழுக்காடு, மற்றவர்கள் 55. பக்கவிளைவுக்காக மருந்தை நிறுத்தியவர்களின் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. டிரையம்ஃப் என்ற இந்த ஆய்வு 2018இல் வந்தது. அதே வழியில் சின்ன மாற்றத்தோடு உருவான மூன்று மருந்து மாத்திரை ஒன்றுக்கு 2025 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. கொழும்புப் பக்கத்து வெளிநோயாளிகளின் கையில் கட்டிய பட்டை வாஷிங்டன் வரை பேசியிருக்கிறது.

மாத்திரை வீடு தேடிப் போவதை ஆய்வு என்ற பெயரில்லாமல் நடத்திக்காட்டியது தமிழ்நாடு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரையையும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 2020இல் அங்கே எடுத்த கணக்கெடுப்பில், பிரஷர் உள்ளவர்களில் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடுதான். சில ஆண்டுகள் கழித்து எடுத்ததில் 17 விழுக்காடு. முழுப் பெருமையும் ஒரு திட்டத்துக்கே என்று சொல்லிவிட முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பக்கம் இல்லாத கணக்கு இது. என்றாலும் திசை தெரிகிறது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். செத்தியா ஆலம் வளாகத்துப் பொதுச் சுகாதாரக் கழகம் 2017, 2018 வாக்கில் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மக்களின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து உப்பை அளந்தது. எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டால் ஆள் பொய் சொல்லலாம், சிறுநீர் சொல்லாது. சராசரி 7.9 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். பத்தில் எட்டுப் பேர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். மமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு ஊற்றும் குழம்பு, மேகி கோரெங், கிச்சாப், வீட்டில் கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் என்று பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதற்கும் ஆய்வு வழி காட்டியிருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து, பாதிக் கிராமங்களில் வீட்டு உப்பை மாற்றிக் கொடுத்தார்கள். நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஐந்தாண்டில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சமையலை மாற்றச் சொல்லவில்லை, டப்பாவில் இருப்பதை மட்டும் மாற்றினார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து. 2019 கணக்கில் மலேசிய இந்தியர்களில் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதன் பின்னால் சிறுநீரகக் கோளாறும் வருவதுண்டு. டாக்டரைக் கேட்காமல் நம் வீடுகளில் இந்த உப்பை வாங்கி வைப்பது சரியல்ல.

புதிய மருந்துகளும் வராமல் இல்லை. பாக்ஸ்ட்ரோஸ்டாட் என்ற மாத்திரை, உடலில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டெரோன் சுரப்பை அடைக்கிறது. இரண்டு மூன்று மருந்து சாப்பிட்டும் அழுத்தம் இறங்காத ஏறக்குறைய 800 பேரிடம் சோதித்ததில், 12 வாரத்தில் சக்கை மாத்திரையைவிட 9.8 புள்ளி வரை கூடுதலாக இறக்கியது என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஹோப் 4இன் 11.45ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க மனம் சொல்கிறது. இரண்டும் ஒரே மாதிரி நோயாளிகள் அல்ல, அதனால் நேருக்கு நேர் ஒப்பிடுவது தப்பு. ஆனால் ஒன்றின் பின்னால் ஒரு பன்னாட்டு மருந்துக் கம்பெனி நிற்கிறது. இன்னொன்றின் பின்னால் நிற்க வேண்டியது அரசாங்கம்.

மலேசியாவில் அதற்கான உறுப்புகள் தனித்தனியே இருக்கத்தான் செய்கின்றன. 2013இல் தொடங்கிய கோஸ்பென் திட்டத்தில் தாமான்களிலும் கம்போங்குகளிலும் தன்னார்வலர்கள் அழுத்தம் பார்த்து, கூடுதலாக இருந்தால் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள். 2019இல் வந்த பேகா பி40 திட்டத்தில் குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு, இப்போது 40 வயதிலிருந்து, இலவசப் பரிசோதனை. இரண்டும் நோயாளியை கிளினிக் வாசல்வரை கொண்டுபோய் விடுகின்றன. அதற்குப் பிறகு மாதா மாதம் யார் கதவைத் தட்டுவது என்பதற்கு இன்னும் ஆள் இல்லை.

சட்டம் இடிக்கும் என்பார்கள். பிரஷர் மாத்திரைகள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் பி பிரிவில் வருபவை, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது. உண்மைதான். ஆனால் ஹோப் 4இலும் பணியாளர் தாமாக மருந்து எழுதவில்லை. டேப்லெட் காட்டியதை அவர் பரிந்துரைத்தார், மேற்பார்வையிட்டவர் டாக்டர். அந்த ஏற்பாடு இதே சட்டத்தின் கீழ், இதே நாட்டில், ஓராண்டு நடந்து முடிந்திருக்கிறது.